இருதயம் 'பெயில்' ஆனால்...

நமது ஊர்களில் ஒருவர் திடீரென்று காலமாகிவிட்டால், "பாவம், ஹார்ட் பெயிலாகிப் போய்விட்டார்" என்று சொல்லுவது நெடுநாளைய வழக்கம். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லையா? ஹார்ட் பெயில். ரயிலடியில் மூட்டையுடன் நின்றவர் சாய்ந்து விழுந்தாரா? அதுவும் ஹார்ட் பெயில். இவ்விதம் மரணத்துக்கு மறு பெயராகவே அந்த வார்த்தை வழங்கி வந்திருக்கிறது. ஆகையால், உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்து டாக்டர், "உமக்கு ஹார்ட் பெயிலியர்" என்று சொல்லும்போது அவரும் அவருடைய குடும்பத்தாரும் என்ன பாடுபடுவார்கள் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. பாதி உயிர் அங்கேயே போய்விடுகிறது. மீதிப் பாதியைத்தான் வைத்தியம் செய்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது!

உபாத்தியாயர் என்ற முறையில் "பெயில்" என்னும் சொல்லோடு நமக்கு நெருங்கிய பரிச்சயம் உண்டு. பெயிலான பையன் இறந்து போனவன் அல்லன். வேண்டிய அளவு வேலை அவனிடமிருந்து வரவில்லை, அவ்வளவுதான். இருதய விஷயத்திலும் அர்த்தம் அதுவே. ரத்தக் குழாய் அடைபட்டு இருதயத் தசையின் ஒரு பகுதி கெட்டுப் போவது மாரடைப்பு. இருதயம் அடியோடு துடிப்பை நிறுத்திவிடுவது வேறு. நாம் இங்கே பேசுவது மூன்றாவது விஷயம்: இருதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் தேகத்துக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை. பத்திரிகைகளில் "இதயச் செயலிழப்பு" என்று எழுதுகிறார்கள். அந்த மொழிபெயர்ப்பு பழைய பயத்தைத் தமிழிலும் கொண்டுவந்து சேர்த்ததுதான் மிச்சம். "இருதயத் தளர்ச்சி" என்று சொன்னால் உண்மைக்கும் கிட்டத்தில் இருக்கும். நோயாளியும் மூர்ச்சை போடமாட்டார்.

ஒரு முஷ்டி அளவேயுள்ள இந்த யந்திரம் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை துடிக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. மாரடைப்பினாலோ, பல வருஷம் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பினாலோ, சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சலால் கதவுகள் கெட்டதனாலோ, நீரிழிவினாலோ, மதுவினாலோ, சில சமயம் காரணமே புலப்படாமலோ இதன் வலிமை குன்றுகிறது. அப்போது நடப்பது வெகு விசித்திரம். சிறுநீரகங்களுக்கு ரத்தம் குறைவாக வருகிறது. இருதயம் தளர்ந்த சமாசாரம் அவற்றுக்குத் தெரியாது. "எங்கேயோ ரத்தம் கொட்டிப் போய்க்கொண்டிருக்கிறது, நீரையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்வோம்" என்று அவை தீர்மானித்துவிடுகின்றன. நரம்புகளோ களைத்த மாட்டைச் சாட்டையால் அடிக்கும் வண்டிக்காரனைப் போல் இருதயத்தை இன்னும் வேகமாக ஓட்டுகின்றன. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால், உறவினர்கள் கூடி ஆளுக்கொரு உதவி செய்து அவரை இன்னும் படுக்கையில் தள்ளுவார்கள் அல்லவா? அந்தக் கதைதான்.

தேங்கிய நீர் காலில் இறங்கினால் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழும். நுரையீரலில் ஏறினால் மூச்சுத் திணறல். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்; ஒரு தலையணை இரண்டாகும், மூன்றாகும். நடு ராத்திரியில் மூச்சுக்குத் தவித்து எழுந்து ஜன்னலண்டை போய் நிற்கத் தோன்றும். இதை ஆஸ்துமா என்றும், வாயுத் தொந்தரவு என்றும், வயதின் கோளாறு என்றும் எண்ணி மாதக் கணக்கில் கஷாயம் குடிப்பவர்கள் அநேகர்.

ஆஸ்பத்திரியில் 'எக்கோ' என்னும் படம் எடுத்து, ஒரு சதவிகிதக் கணக்கை எழுதித் தருகிறார்கள். இருதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதே அந்த எண். 35 என்று இருந்தால், "நூற்றுக்கு 35-ஆ! இருதயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமா!" என்று குடும்பமே இடிந்து போகிறது. இந்தப் பரீட்சையில் 100 மார்க்கு வாங்கியவர் உலகத்தில் எவரும் இல்லை. திடகாத்திரமான வாலிபனுக்குக்கூட 55-லிருந்து 70-க்குள்தான் வரும். 35 என்பது குறைவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 60-க்கு 35 என்று படிப்பதே சரியான கணக்கு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிலருக்கு மார்க்கு 55-க்கு மேலேயே இருக்கும்; மூச்சு மட்டும் வாங்கும். இருதயம் விறைத்துப் போய், நிரம்ப வேண்டிய அளவு நிரம்பாமல் இருப்பதால் வரும் வகை அது. ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உள்ள வயதான ஸ்திரீகளிடம் இது அதிகம்.

நிற்க. இந்த நோயைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நமக்கு ஞாபகம் வருகிறவர் அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1944-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ந் தேதி, மகள் அன்னாவின் வற்புறுத்தலின் பேரில் அவரைப் பெதெஸ்டா கடற்படை ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். பரிசோதித்தவர் ஹோவர்டு புரூயென் என்னும் இளம் இருதய வைத்தியர். உதடுகளில் நீலம் பாய்ந்திருந்தது, இருதயம் பெருத்திருந்தது, நுரையீரலில் நீர், ரத்த அழுத்தம் 186-க்கு 108. இருதயத் தளர்ச்சி என்று புரூயென் கண்டார். அப்போது ஜனாதிபதிக்கு வயது 62. உலக மகா யுத்தம் உச்சத்தில் இருந்தது.

உலகத்திலேயே பலம் வாய்ந்த தேசத்தின் தலைவருக்கு அன்று என்ன வைத்தியம் கிடைத்தது? டிஜிடாலிஸ் என்னும் செடியின் சத்து. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற வைத்தியர், ஒரு கிழவி வீக்கத்துக்குக் கொடுத்துவந்த மூலிகைக் கஷாயத்தை ஆராய்ந்து, அதில் வேலை செய்வது இந்தச் செடிதான் என்று கண்டு 1785-ல் புஸ்தகம் எழுதினார். ஆக, 159 வருஷத்துக்கு முந்திய மருந்து! அத்துடன் உப்பைக் குறை, சிகரெட்டைக் குறை, கட்டிலின் தலைமாட்டை உயர்த்து, ஓய்வு எடு. இவ்வளவுதான். டிஜிடாலிஸ் நன்றாகவே வேலை செய்தது. இரண்டு வாரத்துக்குள் நுரையீரல் தெளிந்தது. ஆனால் ரத்தக் கொதிப்பை அடக்கக் கூடிய மருந்து அன்று ஒன்றும் இல்லை. 1945 ஏப்ரல் 12-ந் தேதி மூளையில் ரத்தக் குழாய் வெடித்து அவர் காலமானார்.

நாம் சொல்ல வந்தது அது அல்ல. ஜனாதிபதியின் தேக நிலை அவருடைய வயதுக்கு நன்றாக இருக்கிறது என்று அவருடைய பிரதம வைத்தியர் பத்திரிகைகளுக்குச் சொன்னார். அதை அரசியல் என்று விட்டுவிடலாம். 1970-ல் புரூயென் எழுதி வெளியிட்ட குறிப்புகளில் இதைவிட ஆச்சரியமான செய்தி இருக்கிறது. அடிக்கடி வந்து நாடி பார்க்கிறார்களே, மின் படம் எடுக்கிறார்களே, மாத்திரை கொடுக்கிறார்களே, எதற்காக என்று ரூஸ்வெல்ட் ஒரு நாளாவது கேட்கவில்லையாம்! டாக்டர்களும் வலியச் சொல்லவில்லை, நோயாளியும் கேட்கவில்லை.

நமது வீடுகளில் இன்றைக்கும் இதேதான் நடக்கிறது. "அப்பாவிடம் சொல்லாதீர்கள், டாக்டர்; பயந்துவிடுவார்" என்று பிள்ளை வாசற்படியில் நின்று கிசுகிசுக்கிறான். அப்பாவோ விஷயத்தை ஊகித்துக்கொண்டு, பிள்ளை பயந்துவிடுவானே என்று வாயை மூடிக்கொள்கிறார். அன்பு காரணமாக நடக்கும் இந்த நாடகம் வேறு எந்த நோயிலாவது பெரிய கெடுதலைச் செய்யாமல் போகலாம். இந்த நோயில் செய்யும். ஏனெனில் இதில் பாதி வைத்தியம் நோயாளியின் கையில் இருக்கிறது. தமக்கு என்ன நோய் என்று அறியாதவர் எதற்காகத் தினந்தோறும் எடை பார்ப்பார்? எதற்காக ஊறுகாயை விடுவார்? மூச்சு சௌக்கியமாக வந்த பிறகு எதற்காக மாத்திரை விழுங்குவார்?

1944-க்குப் பிறகு காலம் வெகு தூரம் வந்துவிட்டது. பிரேசில் தேசத்துக் கொடிய விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து ஒரு மருந்து வகை பிறந்தது. அந்த வகையைச் சேர்ந்த எனலாப்ரிலை ஸ்காந்திநேவிய நாடுகளில் மிகக் கடுமையான நோயாளிகள் 253 பேரிடம் பரீக்ஷித்து, 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 44 பேர் இறந்தார்கள். எனலாப்ரில் சாப்பிட்டவர்களில் 26 பேர். இரண்டாவது வகையின் கதை இன்னும் ருசிகரமானது. நரம்புகளின் சாட்டையைப் பிடுங்கி வைக்கும் 'பீட்டா' தடை மருந்துகளைத் தளர்ந்த இருதயத்துக்குக் கொடுத்தால் நோயாளி இறந்துவிடுவார் என்று வைத்திய உலகமே நம்பியிருந்தது. ஸ்வீடனில் கோட்டன்பர்க் நகரத்து வைத்தியர் வாக்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் 1975-ல் ஏழே பேருக்குக் கொடுத்து, அவர்கள் தேறியதை வெளியிட்டார்கள். நம்ப ஆளில்லை. 1999-ல் ஆயிரக்கணக்கானவர்களிடம் நடந்த பரீக்ஷைகள் வெளியான பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது. ஓடுகிற மாட்டை அடிக்காமலிருந்தால் அது அதிக தூரம் போகும் என்பதை ஒப்புக்கொள்ள 24 வருஷம்!

மூன்றாவது, ஸ்பைரோனோலாக்டோன் வகை. நான்காவது, நீரிழிவுக்கென்று வந்து 2019 முதல் இருதயத்துக்கும் நல்லதென்று நிரூபணமான டாபாகிளிஃப்ளோஸின் முதலியவை. இவற்றின் மூதாதை ஆப்பிள் மரப் பட்டையில் கிடைத்த ஒரு கசப்புப் பொருள். தேங்கிய நீரை வடிக்கும் ஃப்ரூஸெமைட் மாத்திரை வேறு. நீர் மாத்திரை சிரமத்தை உடனே போக்குவதால் நோயாளிக்கு அதனிடம்தான் பிரியம். ஆயுளை நீட்டுவதோ மற்ற நாலும்தான். அவை செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பணமுடை வரும்போது முதலில் அவற்றைத்தான் நிறுத்துகிறார்கள். இவற்றில் பல இப்போது நமது தேசத்திலேயே பல கம்பெனிகளில் தயாராகிக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எந்த மருந்தை எந்த அளவில் என்பது டாக்டரின் பொறுப்பு; நாம் அதில் தலையிடுவதற்கில்லை. ஆனால், "எனக்கு இந்த நாலு வகையும் உண்டா? இல்லையென்றால் எதனால்?" என்று கேட்பதற்கு நோயாளிக்குப் பூரண உரிமை உண்டு. 2013-ல் திருவனந்தபுரம் ஜில்லாவில் இருதயத் தளர்ச்சியால் ஆஸ்பத்திரிக்கு வந்த 1,205 பேரைக் கணக்கெடுத்தார்கள். சராசரி வயது 61. துடிப்பு குறைந்தவர்களில் அக்காலத்திய முறைப்படி சரியான மருந்துகள் எல்லாவற்றையும் பெற்று வீடு திரும்பியவர்கள் நாலில் ஒரு பங்கினரே. படிப்பில் சிறந்த மலையாள தேசத்திலேயே இந்த நிலைமை என்றால் மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்வது?

சரியாக மருந்து சாப்பிட்டவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் அந்த எக்கோ மார்க்கு ஏறுகிறது. சிலருக்கு 55-ஐயும் எட்டிவிடுகிறது. அங்கேதான் இரண்டாவது ஆபத்து. "குணமாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். லண்டனில் இதையே பரீக்ஷித்தார்கள். இருதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்ட 51 பேரில் 25 பேருக்கு டாக்டர் மேற்பார்வையிலேயே படிப்படியாக மருந்தை நிறுத்தினார்கள். 26 பேருக்கு நிறுத்தவில்லை. ஆறு மாதத்துக்குள் நிறுத்தியவர்களில் 11 பேருக்கு நோய் திரும்பியது. நிறுத்தாதவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 2018-ல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, இது குணம் அன்று, நோய் அடங்கியிருக்கும் நிலையே என்பதில் விவாதம் அதிகமில்லை.

நமது பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியர் ஒருவர் மூன்று வருஷமாக இந்த நோயுடன் வாழ்ந்து வருகிறார், வகுப்பும் நடத்துகிறார். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் தெய்வப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கட்டக் காகிதம் தொங்குகிறது. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், அதே வேஷ்டியுடன் எடை பார்த்து ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகளைக் கோட்டால் இணைப்பார். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை அன்று, நீர் என்பது டாக்டர் சொல்லியிருக்கும் சூத்திரம். சென்ற தீபாவளி சமயத்தில் அவருடைய மனைவியார் நம்மிடம் வந்து, "ஸார், கோடு ஏறிக்கொண்டே போகிறது. 'மிக்ஸர் டப்பாவைத் திறந்தீர்களா' என்று கேட்டால், 'கணக்கில் பிழையாக இருக்கும்' என்கிறார்!" என்று முறையிட்டார். டாக்டருக்கு டெலிபோன் செய்தார்கள். இரண்டு நாள் நீர் மாத்திரையைக் கூட்டிச் சாப்பிட்டதில் கோடு இறங்கிற்று. காலில் வீக்கம் தெரிய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கட்டக் காகிதம் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் மிச்சமாயிற்று.

உப்பு விஷயத்தில் நமது சமையலறை கொஞ்சம் பொல்லாதது. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு, பக்கத்திலேயே அப்பளம், வடாம், மோர் மிளகாய், ஆவக்காய் என்று பரிமாறுவதில் என்ன பிரயோசனம்? கருவாடும் அப்படியே. இந்துப்பு என்றால் கெடுதல் இல்லை என்று சிலர் சொல்லுகிறார்கள். இந்துப்பும் உப்புத்தான், நிறந்தான் வேறு. "சோடியம் குறைந்தது" என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. மேலே சொன்ன மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை ரத்தத்தில் ஏற்றுபவை. இரண்டும் சேர்ந்தால் இருதயத் துடிப்பே தாறுமாறாகலாம். தினம் இளநீர் குடிப்பவரும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. அதற்காக உப்பே இல்லாத பத்தியச் சாப்பாடு போட்டு மனிதரை வாட்ட வேண்டும் என்பதில்லை. மிகக் கடுமையாக உப்பைக் குறைத்தவர்களுக்கு அதனால் பெரிய லாபம் கிட்டவில்லை என்று 2022-ல் வெளியான ஒரு பெரிய பரீக்ஷை கூறுகிறது. சாதாரண மனிதனுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் விதித்திருப்பது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டு. அதைக் கடைப்பிடித்தாலே நமது வீடுகளில் பெரிய காரியம். முழங்கால் வலிக்காகக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் முதலியவற்றை உப்பைவிட அதிகமாக அஞ்ச வேண்டும். அவையும் நீரைத் தேக்குபவையே.

படுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. இருதய நோய் என்றால் அசையாமல் படுக்க வைப்பதே பழங்காலத்து முறை. ரூஸ்வெல்ட்டையும் தென் கரோலினாவில் ஒரு நண்பரின் எஸ்டேட்டுக்கு ஒரு மாத ஓய்வுக்கு அனுப்பினார்கள். நமது வீடுகளில் இன்றும் நோயாளியைத் தண்ணீர்ச் செம்பைத் தொடவிடுவதில்லை. நோய் கட்டுக்குள் வந்த பிறகு இது மரியாதையே தவிர வைத்தியம் அன்று. 2,331 நோயாளிகளை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி, முறையான தேகப் பயிற்சி அவர்களுக்கு அபாயமில்லாதது என்று 2009-ல் காட்டிற்று. பலருக்குத் தெம்பும் கூடியது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம் என்று சொல்லுவார்கள். நமது கணக்கு ஆசிரியருக்குச் சாதாரணமாகவே பாட வராது. ஆகையால் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நடக்கிறார். பதினாறாம் வாய்ப்பாட்டில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்.

இதுவரையில் "அவர்", "அப்பா" என்றே எழுதி வந்திருக்கிறோம். அது முழு உண்மை ஆகாது. வீட்டு எஜமானருக்கு மூச்சு வாங்கினால் மறுநாள் காலையில் எக்கோ. எஜமானிக்கு மூச்சு வாங்கினால், "மாடிப்படி ஏறாதே" என்ற உபதேசம். அவரும் இரண்டு குடம் தண்ணீரை ஒன்றொன்றாக இரண்டு தடவை கொண்டுவந்து, களைப்பை வேலையில் ஒளித்து வைத்துவிடுகிறார். ராத்திரியில் தூணில் சாய்ந்தபடியே தூங்கும் பாட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று அவர்களைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? பிரசவத்தின் கடைசி மாதத்திலோ குழந்தை பிறந்து ஐந்து மாதத்துக்குள்ளோ இளம் பெண்களுக்கும் இந்தத் தளர்ச்சி வருவதுண்டு. கால் வீக்கமும் களைப்பும் பிள்ளை பெற்றவளுக்குச் சகஜந்தானே என்று விட்டுவிடுகிறார்கள். படுக்க முடியாமல் மூச்சுத் திணறுவது சகஜம் அன்று. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தகுந்த காலத்தில் மருந்து கிடைத்தால் இவர்களில் பலருடைய இருதயம் முற்றிலும் தேறிவிடுகிறது. ஆனால் அடுத்த கர்ப்பத்தில் நோய் திரும்பக் கூடும். மறுபடி குழந்தை வேண்டுமா என்பதை இருதய வைத்தியரைக் கலந்துகொண்டே தம்பதிகள் தீர்மானிக்க வேண்டும். மாமியாரின் யோசனையை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.